அப்பாவின் லூமியா 640: பெயர் வந்து வந்து அணைகிறது. ரீசெட் போடாமல் மீட்க முடியுமா?

தேன்மொழி (நெல்லை) | வெள்ளி, இரவு 9:12

வணக்கம். அப்பா வைத்திருந்த லூமியா 640 என்ற விண்டோஸ் போனைப் பற்றிக் கேட்க வந்தேன். 2015இல் வாங்கியது. 2019இல் அப்பா தவறிய பிறகு அது பீரோவில் புடவைகளுக்கு அடியில் போனது. வெள்ளையடிக்கப் பீரோவைக் காலி செய்தபோது போன வாரம் கையில் அகப்பட்டது.

சார்ஜ் போட்டேன். அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் சிவப்பு பேட்டரிப் படம். இரண்டு மணி நேரம் விட்டுப் பவர் பட்டனை அழுத்தினால் ஒரு அதிர்வு, மைக்ரோசாஃப்ட் என்ற பெயர், உடனே கறுப்பு. மறுபடி அதிர்வு, மறுபடி பெயர், மறுபடி கறுப்பு. சார்ஜரைப் பிடுங்கும்வரை இதையே செய்துகொண்டிருக்கிறது.

பஜாரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். போனைக் கையில் வாங்காமலேயே, "சாஃப்ட்வேர் போயிருச்சும்மா, ரீசெட் போட்டுத் தரேன், முந்நூறு ஆகும்" என்றார். உள்ளே இருப்பதெல்லாம் இருக்குமா என்றேன். "அது எப்படி இருக்கும்?" என்றார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குப் போன் வேண்டாம். அதில் இருக்கும் படங்களும் எஸ்எம்எஸ்களும் வேண்டும். நான் சென்னையில் வேலை பார்த்த காலத்தில் அப்பா தினமும் ஏதாவது அனுப்புவார். என் பக்கத்தில் இருந்தவை போன் மாற்றியபோது போய்விட்டன.

குமரன்77 | வெள்ளி, இரவு 9:31

இதெல்லாம் ஒரு வேலையே இல்லை, முந்நூறு ரூபாய் எதற்கு? போன் அணைந்திருக்கும்போது வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டே சார்ஜரைக் குத்துங்கள். திரையில் பெரிய ஆச்சரியக்குறி வரும். பிறகு வால்யூம் கூட்டு, வால்யூம் குறை, பவர், வால்யூம் குறை. இந்த வரிசையில் ஒவ்வொரு தட்டு. பற்சக்கரம் சுற்றும், கொஞ்ச நேரத்தில் புதுப் போன். என் லூமியா 520ஐ இப்படி மூன்று தடவை எழுப்பியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று, இந்தக் காலத்தில் விண்டோஸ் போனை எழுப்பி என்ன செய்யப் போகிறீர்கள்?

பழுதுபெட்டி (மதுரை) | வெள்ளி, இரவு 9:50

தேன்மொழி, குமரன் எழுதியதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அவர் சொன்ன பட்டன் வரிசை சரிதான், அதனால்தான் பயமாக இருக்கிறது. அது போனின் உள் நினைவகத்தை மொத்தமாகத் துடைக்கும். கடைக்காரர் 300 ரூபாய்க்குச் செய்யவிருந்ததும் அதேதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 640 வந்தபோதே அதில் திருட்டுக்கு எதிரான ரீசெட் காவல் இருந்தது. அப்பா அதை இயக்கி வைத்திருந்தால், துடைத்த பிறகு அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கும். உள்ளே இருந்ததும் போய், போனும் போய்விடும்.

செய்யக்கூடியது மென்மையான ரீசெட் மட்டும். பவர், வால்யூம் குறை இரண்டையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து நொடி, அதிர்வு வரும்வரை பிடித்து விட்டுவிடுங்கள். அது வெறும் மறுதொடக்கம், எதையும் அழிக்காது. இது உங்கள் போனைச் சரிசெய்யும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் சொல்லும் அறிகுறி சாஃப்ட்வேர் மாதிரியே இல்லை. சாஃப்ட்வேர் கெட்டால் போன் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும், பற்சக்கரம் மணிக்கணக்கில் சுற்றும். பெயர் தெரிந்த உடனே அணைவது மின்சாரம் போதாத போன் செய்வது. திரையும் பிராசசரும் ஒரே நேரத்தில் விழிக்கும்போது சட்டென்று அதிகக் கரண்ட் இழுக்கும். செத்த பேட்டரியால் தர முடியாது. வோல்டேஜ் விழும், போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும்.

பின்மூடியின் ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்து மெல்ல உரியுங்கள். பேட்டரியை எடுத்துக் கண்ணாடி மேசையில் படுக்கப் போட்டுச் சுற்றிவிடுங்கள். நல்ல பேட்டரி உரசி நிற்கும். உப்பியது பம்பரம் மாதிரி சுற்றும்.

தேன்மொழி (நெல்லை) | சனி, காலை 7:40

அண்ணா, சுற்றியது. நான்கு சுற்று சுற்றி நின்றது. பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் பூரி மாதிரி இருக்கிறது. இனி சார்ஜ் போடலாமா?

பழுதுபெட்டி (மதுரை) | சனி, காலை 8:15

போடவே கூடாது. குத்தவோ அமுக்கவோ வேண்டாம், போனுக்குள் திரும்ப வைக்கவும் வேண்டாம். மண் போட்ட கண்ணாடி பாட்டிலில் வைத்து வெயில் படாத இடத்தில் வையுங்கள். போனைக் குறை சொல்லவும் வேண்டாம். எந்த லித்தியம் பேட்டரியும் முழுக்கக் காலியான நிலையில் வருடக்கணக்காகக் கிடந்தால் இந்தக் கதிதான்.

புதிது வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். 640க்கு பிவி-டி5சி, 2500 எம்ஏஎச். 640 எக்ஸ்எல் என்று பெரிய அண்ணன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு பிவி-டி4பி. அளவே வேறு, உட்காராது. கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். சென்னைக்கு யாராவது வந்தால் ரிச்சி தெருவில் தேடலாம், இல்லையென்றால் ஆன்லைன். புதிதாகச் செய்த நகலாகத்தான் இருக்கும். எம்ஏஎச் 4000 என்று அச்சடித்திருந்தால் வாங்காதீர்கள், அந்தப் பெட்டிக்குள் அவ்வளவு அடங்காது. கையில் மல்டிமீட்டர் இருந்தால் வாங்கியதும் அளந்து பாருங்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அது நெடுநாள் கடையில் தூங்கிய சரக்கு.

பேட்டரி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பேட்டரியை எடுத்த குழிக்குப் பக்கத்தில் சிம்மோடு மெமரி கார்டு இருக்கிறதா?

தேன்மொழி (நெல்லை) | சனி, காலை 8:22

16 ஜிபி கார்டு ஒன்று இருக்கிறது.

பழுதுபெட்டி (மதுரை) | சனி, காலை 8:25

கார்டு ரீடரில் போட்டுக் கணினியில் பாருங்கள். விண்டோஸ் போனில் ஆப்களைக் கார்டுக்கு நகர்த்தினால் அவை அந்தப் போனோடு பூட்டப்பட்டிருக்கும், வெளியே திறக்காது. ஆனால் படம், பாட்டு, வீடியோ எதற்கும் பூட்டு இல்லை. 640இல் உள் நினைவகம் 8 ஜிபிதான், ஆகவே கேமரா படங்களைக் கார்டில் சேமிக்கச் சொல்லி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். "கார்டை ஃபார்மேட் செய்யவா" என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.

தேன்மொழி (நெல்லை) | சனி, காலை 9:47

1,140 படங்கள்!! நாங்கள் நாற்பது ஐம்பது இருக்கும் என்று நினைத்திருந்தோம். பாதிக்கு மேல் மின்சார மீட்டர், ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, பஸ் நேரப்பலகை. ஒரு ஐம்பது படம் எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் உட்புறம் மட்டும். எதற்கு எடுத்தார் என்று அம்மாவுக்கே தெரியவில்லை. அம்மா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார், காலைச் சாப்பாடு தள்ளிப்போகிறது.

பேட்டரி ஆர்டர் போட்டாயிற்று. செவ்வாய் வருமாம்.

நீலஓடு (கோவை) | சனி, மதியம் 2:10

இந்த இழையைப் படித்ததும் என் லூமியா 950ஐத் தேடி எடுத்துவிட்டேன். அதன் முகப்பில் ஆப்களுக்கு இருக்கும் சதுர ஓடுகளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! திறக்காமலேயே யார் கூப்பிட்டார்கள், நாளை என்ன வேலை என்று ஓட்டிலேயே தெரியும். இன்றைக்கு இருக்கும் எந்தப் போனும் அவ்வளவு அடக்கமாக இல்லை.

குமரன்77 | சனி, மதியம் 2:34

அடக்கம்தான், கல்லறை அடக்கம். ஆப் இல்லாமல்தானே செத்தது? 2013இல் மைக்ரோசாஃப்ட் தானே ஒரு யூடியூப் ஆப் செய்து கொடுத்தது, கூகுள் அதையும் அடைத்தது. எல்லாரும் ஆண்ட்ராய்டில் புது ஆப் போட்டு விளையாடும்போது நான் 520ஐ வைத்துக்கொண்டு "விரைவில் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீலஓடு (கோவை) | சனி, மதியம் 2:51

அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 520இன் மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். 512 எம்பி ராமில் அது தடங்காமல் ஓடின மாதிரி ஆண்ட்ராய்டு எதுவும் அந்த விலைக்கு அப்போது ஓடவில்லை. விண்டோஸ் போன்களிலேயே அதிகம் விற்றது அதுதான்.

தேதிகளைப் பதிந்து வைக்கிறேன், இந்த இழைக்குப் பின்னால் வருபவர்களுக்கு உதவும். 640 வந்தபோது அதில் இருந்த விண்டோஸ் போன் 8.1க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2017 ஜூலையில் முடிந்தது. 8.1இன் ஸ்டோர் 2019 டிசம்பர் 16இல் மூடப்பட்டது. வாட்ஸ்அப் அதே மாதம் 31ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 10 மொபைலுக்கு 2020 ஜனவரியில் கடைசி அப்டேட். ஆக, 8.1 போனில் என்ன ஆப் ஏற்கனவே இருக்கிறதோ அதுதான் சொத்து. ரீசெட் போட்டால் அந்தச் சொத்தும் போகும், திரும்ப இறக்கக் கடை கிடையாது. குமரன் மூன்று தடவை எழுப்பியதெல்லாம் ஸ்டோர் இருந்த காலம்.

குமரன்77 | சனி, மதியம் 2:58

சரி சரி. ஒப்புக்கொள்கிறேன். முதல் பதிவைத் திருத்தி மேலே எச்சரிக்கை போட முடியவில்லை, இங்கே நேரம் தாண்டிவிட்டால் திருத்த விடுவதில்லை. படிப்பவர்கள் பழுதுபெட்டி அண்ணன் சொல்வதைக் கேளுங்கள்.

தேன்மொழி (நெல்லை) | செவ்வாய், மாலை 6:20

பேட்டரி வந்தது. பிவி-டி5சிதான், 2500 என்றே போட்டிருக்கிறது. மீட்டர் இல்லை, நேரே போட்டேன். ஒரு மணி நேரம் சார்ஜ் ஆனதும் பவர் அழுத்தினேன். அதிர்வு, பெயர், நீலச் சன்னல், அப்புறம் பூட்டுத் திரை! பின்னணியில் குற்றாலம்.

ஆனால் நான்கு இலக்கப் பின் (பூட்டு எண்) கேட்கிறது. அப்பாவின் பிறந்த வருடமும் என் பிறந்த வருடமும் போட்டுப் பார்த்தேன், இல்லை. கேபிளைக் கணினியில் குத்தினால் போன் சார்ஜ் மட்டும் ஆகிறது, கோப்புகள் எதுவும் தெரியவில்லை.

பழுதுபெட்டி (மதுரை) | செவ்வாய், மாலை 6:41

சபாஷ். இனிமேல் கையை அடக்குங்கள். தவறான பின் தொடர்ந்து போட்டால் ஒரு கட்டத்தில் "ஏ1பி2சி3" என்று தட்டச் சொல்லும். பைக்குள் தானாக அழுந்துகிறதா, ஆள்தான் அழுத்துகிறாரா என்று பார்க்கும் சோதனை அது. அது வந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகும் தவறிப்போனால் போன் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும் நிலை வரலாம். யோசித்து, காகிதத்தில் எழுதி, நிச்சயமாகத் தோன்றுவதை மட்டும் போடுங்கள்.

கணினியில் கோப்பு தெரியாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பின் போட்டுத் திறக்கும்வரை விண்டோஸ் போன் உள்ளே காட்டாது. மற்றொன்று, கேபிள். பவர் பேங்குகளோடு வரும் சில மைக்ரோ யூஎஸ்பி கேபிள்களில் சார்ஜ் கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. வேறு கேபிளையும் தேடி வையுங்கள்.

நீலஓடு (கோவை) | செவ்வாய், இரவு 8:05

பின் கிடைக்காமலே போனால் கடைசி வழி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் போன் இன்டர்னல்ஸ் என்று ஒரு கருவி, ஹீத்கிளிஃப்74 என்ற பெயரில் எழுதுபவர் செய்தது, 2018இல் மூலநிரலையே வெளியிட்டுவிட்டார். போனை எழுப்பும் முதல் நிரலான பூட்லோடரைத் திறந்து, போனை ஒரு பென் டிரைவ் மாதிரிக் கணினியில் காட்ட வைக்கும். எஸ்எம்எஸ்ஸும் தொடர்புகளும் ஸ்டோர்.வால் என்ற ஒரே கோப்பில் இருக்கும், அதைப் படிக்கத் தனிக் கருவிகள் உண்டு. ஆனால் சரியான ரோம் கோப்பு (அந்த மாடலின் சிஸ்டம் கோப்பு) வேண்டும், நடுவில் கேபிள் ஆடினால் போன் செங்கல், திரும்ப எழாது. முதல் முயற்சியை அப்பா போனில் செய்யாதீர்கள். பழைய சந்தையில் இன்னொரு 640 வாங்கிப் பழகிய பிறகு தொடுங்கள்.

தேன்மொழி (நெல்லை) | புதன், காலை 5:10

தூக்கத்தில் எழுதுகிறேன். நாலரைக்குப் போன் அலறியது. அப்பா வைத்த அலாரம்! பூட்டியிருந்தாலும் அடிக்கும் போலிருக்கிறது. மாநகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் நாலேமுக்காலுக்கு வரும் காலம் அது, அதற்காக வைத்தது. இப்போது தண்ணீர் வருவது மாலையில். அம்மா பாதித் தூக்கத்தில் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மா சொன்னார், அப்பா எதற்கு நம்பர் கேட்டாலும் வீட்டுப் பழைய லேண்ட்லைனின் கடைசி நான்கு எண்ணைத்தான் போடுவார் என்று. லைனை 2012இலேயே ஒப்படைத்துவிட்டோம்.

திறந்துவிட்டது.

பழுதுபெட்டி (மதுரை) | புதன், காலை 6:30

அருமை. முதலில் போனை விமான நிலையில் (ஏர்பிளேன் மோடில்) போடுங்கள். பிறகு வேறு கேபிளில் குத்தி, போன் திறந்திருக்கும்போதே படங்கள், வீடியோ, டாகுமெண்ட்ஸ் எல்லாவற்றையும் கணினிக்கு இழுத்துவிடுங்கள். கார்டில் இல்லாத சில படங்கள் உள்ளேயும் இருக்கலாம்.

எஸ்எம்எஸ் அப்படி வராது. ஆப் பட்டியலில் "காண்டாக்ட்ஸ் + மெசேஜ் பேக்கப்" என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கொடுத்ததுதான். செட்டிங்ஸில் இருக்கும் பேக்கப்பை நம்ப வேண்டாம். அது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குப் போகும், அதை இன்னொரு விண்டோஸ் போன்தான் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

தேன்மொழி (நெல்லை) | புதன், காலை 7:02

இருக்கிறது! தம்பி பழைய போனிலிருந்து இதற்கு மாற்றிக்கொடுத்தபோது போட்டிருக்கிறான். பேக்கப் எடுத்தேன். கார்டில் பேக்கப் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் தேதிப் பெயரில் எம்எஸ்ஜி என்று முடியும் கோப்பு. அதைச் சொடுக்கினால் அவுட்லுக் வந்து "திறக்க முடியாது" என்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

எக்செல் அனிதா | புதன், காலை 9:15

கெடவில்லை, தேன்மொழி. பெயர்க் குழப்பம்தான். அவுட்லுக்கும் தன் அஞ்சல்களுக்கு எம்எஸ்ஜி என்று பெயர் வைக்கும், அதனால் தன்னுடையது என்று நினைத்து ஓடி வருகிறது. இது உண்மையில் எக்ஸ்எம்எல். முதலில் அந்தக் கோப்பை இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு ஒரு நகலின் கடைசி மூன்றெழுத்தை எக்ஸ்எம்எல் என்று மாற்றி எக்செலில் திறந்தால் அட்டவணையாக விரியும். யார் அனுப்பியது, என்ன எழுதியது எல்லாம் பத்தி பத்தியாக இருக்கும்.

நேரம் இருக்கும் பத்தியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 131839531200000000 மாதிரி 18 இலக்கம் இருக்கும். விண்டோஸ் நேரத்தை 1601 ஜனவரி 1இலிருந்து எண்ணும், அதுவும் ஒரு நொடியைக் கோடித் துண்டாக்கி. பக்கத்துக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

=ஏ2/864000000000-109205+5.5/24

(ஏ2 இடத்தில் உங்கள் கட்டத்தின் பெயர்.) 864000000000 என்பது ஒரு நாளில் இருக்கும் துண்டுகள். 109205 என்பது 1601க்கும் எக்செலின் தொடக்கத்துக்கும் இடையிலுள்ள நாட்கள். கடைசியில் ஐந்தரை மணி நம் நேரத்துக்காக. அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் மேலே சொன்ன எண் 2018 அக்டோபர் 14, காலை 6:42 என்று வரும்.

எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவு வைக்காது, கடைசி மூன்றைப் பூஜ்யமாக்கிவிடும். கவலை வேண்டாம், அதில் போவது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

தேன்மொழி (நெல்லை) | புதன், இரவு 10:40

மொத்தம் 2,306. அதில் 1,900க்கு மேல் ரீசார்ஜ் விளம்பரமும் வங்கிச் செய்தியும். காலர் டியூன் போடச் சொல்லியே ஒருவர் 212 தடவை அனுப்பியிருக்கிறார். அதையெல்லாம் வடிகட்டியபின் அப்பாவும் நானும் அனுப்பியவை 171.

எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ். "பஸ் ஏறிட்டியா." "பஸ் ஏறிட்டியா." "பால் பொங்கி ஊத்திடுச்சு அம்மா கிட்ட சொல்லாதே." ஒரு நாள் மட்டும், "தொட்டி கழுவினேன் படம் எடுத்தேன் உனக்கு அனுப்ப தெரியல."

அந்த ஐம்பது தொட்டிப் படத்தின் காரணம் அதுதான்.

அனிதா, பழுதுபெட்டி அண்ணா, நன்றி.

தோபாயோ ரவி (சிங்கப்பூர்) | வியாழன், காலை 11:20

தாமதமாக வருகிறேன். மீட்க வேண்டியதை மீட்டாயிற்று, இனி அந்தப் போனை என்ன செய்வது என்று யாரும் பேசவில்லையே.

பேசுவதற்கு வைத்துக்கொள்வது நாட்டைப் பொறுத்தது. இங்கே 2017இல் 2ஜியை நிறுத்தினார்கள், 2024இல் 3ஜியையும் மூட ஆரம்பித்தார்கள். 4ஜி வழியே பேசும் வோல்ட்இ வசதி என் 920இல் இல்லை, ஆகவே என்னிடம் அது ஊமை. மலேசியாவில் 3ஜி 2021 கடைசியிலேயே போய்விட்டது. இந்தியாவில் 2ஜி இன்னும் ஓடுகிறது, அதனால் 2ஜி உள்ள சிம் போட்டால் தேன்மொழியின் 640 பேசும், எஸ்எம்எஸ் அனுப்பும். ஜியோ சிம்மில் பேச்சு வராது. அவர்களிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை.

வைஃபையில் ஏறவில்லை என்றால், 640க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டர் டபிள்யூபிஏ3 என்ற புது வைஃபை பாதுகாப்பு முறையில் மட்டும் இருந்தாலும் ஏறாது, டபிள்யூபிஏ2ஐத் திறந்துவிட வேண்டும்.

ஏறிய பிறகு பாதித் தளங்கள் "சான்றிதழ் தவறு" என்று விரட்டும். முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி இல்லாமல் கிடந்த போனில் தேதி பின்னால் போயிருக்கும், தேதி தப்பென்றால் பூட்டுப்போட்ட எந்தத் தளமும் திறக்காது. தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் அது 2021 செப்டம்பர் 30இன் வேலை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தளங்களுக்குத் தரும் இலவசச் சான்றிதழ்கள் சாய்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் (போன் நம்பும் மூலச் சான்றிதழ்) அன்று காலாவதியானது. புது வேர் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1. அதை சிஇஆர் கோப்பாகக் கணினியில் இறக்கி, மெமரி கார்டில் போட்டு, போனில் தட்டினால் "நிறுவவா?" என்று கேட்கும். நிறுவினால் கணிசமான தளங்கள் திரும்பி வரும். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள். பாதுகாப்பு அப்டேட் நின்று வருடக்கணக்காகிறது.

நீலஓடு (கோவை) | வியாழன், மதியம் 1:05

ரவி சொன்னதோடு ஒன்று. 950, 950 எக்ஸ்எல் வைத்திருப்பவர்கள் அதில் ஏஆர்எம் சிப்புக்கான முழு விண்டோஸையே ஏற்றுகிறார்கள். நானும் ஏற்றினேன். உள்ளங்கையில் ஸ்டார்ட் மெனு வந்ததும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் ஒன்றும் செய்யவில்லை. போன் அடுப்பு மாதிரி சுடுகிறது.

குமரன்77 | வியாழன், இரவு 8:44

சிரிக்காதீர்கள், நானும் 520ஐ எடுத்துவிட்டேன். பேட்டரி பிஎல்-5ஜே, பழைய நோக்கியா 5800க்குப் போட்ட அதே பேட்டரி, தெருமுனைக் கடையில் கிடைத்தது. போன் எழுந்துவிட்டது.

ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் ரிங்டோன் வைக்கப் பாட்டை 40 நொடிக்குள் வெட்டி, வகையை "ரிங்டோன்" என்று மாற்றி, ஸூன் என்ற மைக்ரோசாஃப்ட் கணினி மென்பொருள் வழியாக ஏற்றிய நினைவு. 8.1க்கும் அதே கூத்தா?

நீலஓடு (கோவை) | வியாழன், இரவு 9:10

அது விண்டோஸ் போன் 7.5இன் கூத்து, 1 எம்பிக்குள் வேறு இருக்க வேண்டும். 8இலிருந்து கேபிளில் குத்தி ரிங்டோன்ஸ் ஃபோல்டரில் எம்பி3ஐப் போட்டால் பட்டியலில் வந்துவிடும். முழுப் பாட்டையே வைக்கலாம்.

520இல் எஃப்எம் ரேடியோவும் உண்டு. வாங்கியபோது இல்லை, 2013 ஆம்பர் அப்டேட்டில் வந்தது. இயர்போன் குத்த வேண்டும், அந்த ஒயர்தான் ஏரியல். குத்திய பிறகு ஸ்பீக்கருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தேன்மொழி (நெல்லை) | ஞாயிறு, மாலை 4:30

எஃப்எம் செய்தி எனக்கு உதவியது. 640இலும் இருக்கிறது. அறுந்த இயர்போன் ஒன்றைக் குத்தி அடுப்படி ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன், திருநெல்வேலி வானொலி நன்றாக எடுக்கிறது. சிம் போடவில்லை. விமான நிலையில் இருப்பதால் நான்கு நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதுகிறது. அலாரத்தை மாலை ஐந்துக்கு மாற்றியாயிற்று, தண்ணீருக்கு.

பழுதுபெட்டி (மதுரை) | ஞாயிறு, இரவு 7:15

நல்லது. சார்ஜிலேயே குத்தி வைத்துவிடாதீர்கள், நகல் பேட்டரி அதில்தான் சீக்கிரம் உப்பும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கழற்றி மேசையில் சுற்றிப் பாருங்கள்.

அந்தப் பழைய பேட்டரி என்ன ஆயிற்று? குப்பையில் போடவில்லையே?

தேன்மொழி (நெல்லை) | ஞாயிறு, இரவு 7:32

இல்லை அண்ணா, மண் போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலில் மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. அம்மா அதன் மேல் "தொடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். இங்கே மின்கழிவு யார் வாங்குகிறார்கள் என்று நாளை மாநகராட்சி அலுவலகத்தில் கேட்கிறேன்.

பழுதுபெட்டி (மதுரை) | ஞாயிறு, இரவு 7:36

அவர்கள் வாங்கவில்லை என்றால் மதுரைப் பக்கம் வரும்போது கொண்டு வாருங்கள். பஸ்ஸில் மடியில் வைத்து, பாட்டிலோடு.